நான்காம் பேனலில் விழுந்த கொடி

1

இது கதையாக ஆரம்பிக்கவில்லை, சாக்காக ஆரம்பித்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம் எக்ஸில்டா கபாசோ என் வீட்டுக்கு வந்தாள். பதினொரு வருடங்களுக்கு முன்பு நாங்கள் இருவரும் இந்த ஆப்பிரிக்கச் செம்புச் சுரங்க ஊரான கிட்வேயில் ஒரே மின்கம்பெனியில் இருந்தோம். நான் ரிலே பிரிவின் இஞ்சினியர், அவள் எனக்குக் கீழே டெக்னீசியன். இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவள் கபங்கா காம்பவுண்டில், அதாவது ஊரோரக் குடியிருப்பில், பட்டறை வைத்திருக்கிறாள். மோட்டார் சுற்றுகிறாள், ஃபிரிட்ஜ் பார்க்கிறாள், ஆறு ஆட்களை வைத்து வீடுகளுக்கும் கடைகளுக்கும் வயரிங் செய்கிறாள்.

வேலை அவளுடையது, கையெழுத்து வேறொருவனுடையது. அவளுக்கு ஒப்பந்தக்காரர் லைசென்ஸ் இல்லை. ஒவ்வொரு வயரிங் முடிந்ததும் லைசென்ஸ் உள்ள ஒரு ஆள் வந்து, சுவிட்ச்சைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் தன் பெயரைப் போட்டுவிட்டுப் போகிறான். அவள் இரண்டு முறை விண்ணப்பித்தாள், இரண்டு முறையும் திரும்பிவிட்டது. கம்பெனியின் பழைய விசாரணை அறிக்கையில் அவள் பெயருக்கு நேரே 'கவனக்குறைவுக்காகப் பணிநீக்கம்' என்று இருக்கிறது. மூன்றாவது விண்ணப்பத்துக்கு லைசென்ஸ் வாரியம் அவளை நேரில் கூப்பிட்டிருந்தது. தேதி ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. சாட்சியை அழைத்து வரலாம். இதுவும் தவறினால் இனி விண்ணப்பிக்கவே முடியாது.

என்னைச் சாட்சியாக வரச் சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். அந்த விஷயத்தைக் கதையாக எழுதிக்கொண்டிருப்பதாகவும் சொல்லி வைத்தேன். அப்போது அது பச்சைப் பொய். அவள் போனபிறகு அதை உண்மையாக்கத்தான் உட்கார்ந்தேன்.

"பத்து நிமிஷம் வந்து பேசுங்கன்னா பத்துப் பக்கம் எழுதுறீங்களா, பா இஞ்சினியர்?" என்று கேட்டுவிட்டுத்தான் அவள் கேட்டைச் சாத்தினாள். ஒருவரைக் கூப்பிடும்போது முன்னால் 'பா' போட்டால் இங்கே மரியாதை. அன்று அவள் அதைப் போட்டாள்.

2

முதல் வரியைப் பலமுறை எழுதினேன்.

'செம்பு பூமியின் மேல் செம்பு நிறச் சூரியன் உதித்துக்கொண்டிருந்த' [அடித்துவிட்டேன். முப்பத்திரண்டு வருடங்களாக இங்கே இருக்கிறேன். சூரியன் எல்லா ஊரிலும் போலத்தான் உதிக்கிறது.]

'நான் ஒரு ரிலே. கவனித்துக்கொண்டே இருப்பது என் வேலை.' [இதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் 'நான் ஒரு குடை' என்று கட்டுரை எழுதி மார்க் வாங்கியவன் நான். அந்த மார்க் போதும்.]

'வியாழக்கிழமை எக்ஸில்டா லிங்க்கைத் திறந்தாள்.' [உண்மைதான். லிங்க் என்ன என்று பிறகு வரும். ஆனால் இதை முதல் வரியாக வைத்தால் அடுத்த வரியில்]

கடைசியில் பனா தெல்மாவின் வீட்டிலிருந்து தொடங்குவதென்று முடிவு செய்தேன். தெல்மாவைப் பெற்றவர் என்பதால் அவரைக் காம்பவுண்டு முழுவதும் பனா தெல்மா என்றுதான் கூப்பிடும். வீட்டு முன்னறையில் பெட்டி ஃப்ரீஸர் வைத்து மீனும் கோழியும் விற்பவர். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் வீட்டு பல்பு திடீரென்று வெள்ளை வெளேரென்று எரிந்தது. மங்கலான வெளிச்சத்திலேயே வாழ்ந்து பழகிய கபங்காவுக்கு இது பெரிய சங்கதி. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "இத்தனை நாள் கஞ்சத்தனமாக் குடுத்தவங்களுக்கு இன்னிக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டாராம். பிறகு இருவரும் ஒரு காரியம் செய்தார்கள். நல்ல கரண்ட் வரும்போதே வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று இஸ்திரிப் பெட்டியையும் இரண்டாவது ஹாட் பிளேட்டையும் போட்டார்கள். தெருவே போட்டது. ஓடாத டிவியைக்கூட ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்தவர்கள் உண்டு.

கால் மணி நேரத்தில் முதல் ஃபிரிட்ஜ் புகைந்தது. தேவாலயத்தில் பாட்டின் நடுவே கீபோர்டு பெட்டி கருகியது. பாடகர் குழு பாட்டை நிறுத்தவில்லை. கிளினிக்கில் தடுப்பூசி வைத்திருந்த ஃபிரிட்ஜ் போனது. பனா தெல்மாவின் ஃப்ரீஸர், மேலே வரை கபெண்டா மீனோடு, உறுமிவிட்டு நின்றது. மின் நிலையத்தில் ஷிஃப்டில் இருந்தவர், போன் மேல் போன் வந்து, பதினொன்று நாற்பதுக்குத் தன் கையால் பிரேக்கரைத் திறந்து கரண்டை நிறுத்தினார். அதற்குள் மூவாயிரம் வீட்டில் முக்கால்வாசி வீடு எதையாவது இழந்திருந்தது.

3

எங்கள் மின் நிலையத்தில் அறுபதுக்கு மேற்பட்ட ரிலேக்கள், கரண்டைக் கவனித்துக் கட்டளை இடும் பெட்டிகள். இந்தக் கதைக்கு இரண்டு போதும்.

ஒன்று, வோல்ட்டேஜ் குறைந்தால் நிலையத்துப் பெரிய ட்ரான்ஸ்ஃபார்மரின் வோல்ட்டேஜை ஒரு படி ஏற்றச் சொல்வது. வோல்ட்டேஜ் எவ்வளவு என்று அதற்குத் தெரிவது ஒரு ஃபியூஸ் வழியாக. அந்த ஞாயிறு அந்த ஃபியூஸ் போய்விட்டது. ஊருக்கே வோல்ட்டேஜ் செத்துவிட்டதாக ரிலே நினைத்தது. ஏற்று என்றது. அப்போதும் செத்ததாகத்தான் தெரிந்தது. இன்னும் ஏற்று என்றது. படி தீர்ந்துபோகும் வரை ஏற்றியது.* இருநூற்று முப்பது இருக்க வேண்டிய வீடுகளில் இருநூற்று எழுபத்தைந்தைத் தாண்டியது.

(* ஃபியூஸ் போனால் ஏற்றாதே என்று தடுக்கும் வசதி கொண்ட ரிலேக்கள் உண்டு. எங்களுடையது அதற்கு முந்தைய காலத்துச் சாமான். தொழில் தெரிந்த வாசகர் கோபமாகக் கடிதம் எழுதும் முன் இந்த அடைப்புக்குறியை வாசிக்கவும்.)

மற்றொன்று நான்காம் பேனலில், ரிலேக்களைப் பொருத்திய கண்ணாடிக் கதவு அலமாரிகளில் நான்காவதில், இருந்தது. வோல்ட்டேஜ் அளவுக்கு மீறினால் பிரேக்கரைத் திறக்கச் சொல்வது. இதற்கு வேறு ஃபியூஸ், அது நன்றாக இருந்தது. அளவு மீறியதை இது பார்த்தது, உடனே சொல்லவும் சொன்னது. சொன்னது பிரேக்கருக்குப் போய்ச் சேரவில்லை. இடையில் டிரிப் லிங்க் என்று விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைத் துண்டு உண்டு. சோதனை செய்யும்போது பிரேக்கர் தெரியாமல் திறந்துகொள்ளக் கூடாது என்பதற்காக அதைத் தூக்கித் திறந்து வைப்போம், சோதனை முடிந்ததும் மூடுவோம். வியாழக்கிழமை சோதனைக்காகத் தூக்கியது, ஞாயிற்றுக்கிழமையும் தூக்கியபடியே இருந்தது.

இனிக் கொடி. ரிலே வேலை செய்தால் அதன் கண்ணாடிக்குள் ஒரு ஆரஞ்சுத் தகடு விழும். அதைத்தான் கொடி என்போம். தானாக எழாது. ஆள் வந்து குமிழைத் தள்ளினால்தான் எழும். கொடியைப் பார்த்தவர் முதலில் நோட்டில் எழுத வேண்டும், இன்னொருவருக்குக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும், அதன்பிறகே தள்ள வேண்டும். எழுதாமல் தள்ளிவிட்டால் அந்த ரிலே வாயே திறக்கவில்லை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எங்களில் பாதிப் பேர் முதலில் தள்ளிவிட்டு, டீ குடித்துவிட்டு, நினைவிருந்தால் எழுதுகிறவர்கள். நானும் அந்தப் பாதிதான்.

4

திங்கட்கிழமை காலை எக்ஸில்டாதான் கொடியைப் பார்த்தாள்.

அதற்குள் கம்பெனி உள்ளூர் ரேடியோவில் காரணத்தை அறிவித்துவிட்டது: திருட்டு இணைப்பு. ஞாயிறு மதியமே போலீஸ் கலுபா என்ற வெல்டரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. கம்பத்திலிருந்து அவன் திருட்டுக் கரண்ட் எடுத்தது நிஜம், ஊருக்கே தெரியும். கம்பத்தில் கை வைத்தபோது நியூட்ரல் கம்பியைக் கலைத்துவிட்டான், அதனால்தான் வோல்ட்டேஜ் ஏறியது என்பது கம்பெனியின் வாதம். மாலைக்குள் கம்பெனியின் அறிக்கை போலீசுக்குப் போகவேண்டும். போய்விட்டால் கலுபாவுக்குச் சிறை.

கட்டுப்பாட்டு அறையில் அப்போது இரண்டு பேர். எக்ஸில்டாவும் ஏரியா மேனேஜர் லோம்பேயும். லோம்பே கெட்டவர் அல்ல. மேலேயிருந்து ஒரு போன் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசுகிற ரகம், அவ்வளவுதான். கொடியைப் பார்த்தார், லிங்க்கைப் பார்த்தார். வியாழன் சோதனைத் தாளில் யார் பெயர் என்று கேட்டார். என் பெயர்தான் என்றாள்.

அப்படியானால் இது அவளுக்குத்தான் நல்லது என்று அவர் விளக்கினார். லிங்க்கை மூடு, கொடியைத் தள்ளு, நோட்டில் ஒன்றும் வேண்டாம். கலுபா எப்படியும் திருடன்.

"ஒரு தெரு ட்ரான்ஸ்ஃபார்மருக்குக் கீழ மட்டும் எரிஞ்சிருந்தா அவன்னு சொல்லலாம், பா லோம்பே. பதினேழு ட்ரான்ஸ்ஃபார்மருக்குக் கீழயும் எரிஞ்சிருக்கு. அவனுக்கு எத்தனை கை?"

"தள்ளிடு எக்ஸில்டா. அப்புறம் பேசிக்கலாம்."

"தள்ளிட்டா அப்புறம் பேசறதுக்கு என்ன இருக்கு?"

நோட்டை எடுத்து அவள் இரண்டையும் எழுதினாள்: கொடி விழுந்திருக்கிறது, லிங்க் திறந்திருக்கிறது. இரண்டாவது கையெழுத்துக்காக நோட்டை நீட்டினாள். வாங்க ஆளில்லை. நாற்காலியை இழுத்து நான்காம் பேனலுக்கு முன்னால் போட்டு, முதுகைக் கண்ணாடிக்குக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். கையெழுத்து விழும்வரை எழுந்திருக்க மாட்டாளாம். பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து உரித்துத் தின்ன ஆரம்பித்தாள். மேனேஜருக்கும் ஒரு பிடி நீட்டினாள் என்பதை நான் கற்பனையாகச் சேர்க்கவில்லை.

பதினொன்றரைக்கு வாசலில் சத்தம். எக்ஸில்டா போன் செய்து வரவழைத்திருந்தாள். பனா தெல்மா, தேவாலயத்துப் பெண்கள் நான்கு பேர், ஒருத்தி தலையில் கருகிய கீபோர்டு. வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்ற காவலாளியின் ஃபிரிட்ஜும் கபங்காவில்தான் எரிந்திருந்தது. அவன் கேட்டைத் திறந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

பனா தெல்மா கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார். "இந்தத் துண்டுத் தகடு விழுந்ததுக்கா என் மீனெல்லாம் போச்சு?" என்றார். தகடு விழுந்ததற்காக இல்லை, அது விழுந்ததை யாரும் கேட்காததற்காக என்று எக்ஸில்டா சொன்னாள். அவர் பேனாவை வாங்கி, நோட்டில் தன் முழுப் பெயரை எழுதினார்: ஃபெலிஸ்தஸ் நகண்டு. அதன்பிறகே எக்ஸில்டா எழுந்து, லிங்க்கை மூடி, குமிழைத் தள்ளினாள்.

கலுபாவைப் புதன்கிழமை விட்டுவிட்டார்கள், கம்பத்துத் திருட்டுக்கு மட்டும் அபராதம் போட்டு. அடுத்த வாரம் விசாரணை. லிங்க்கை மூடாமல் விட்டதற்காக எக்ஸில்டா வேலையிலிருந்து நீக்கப்பட்டாள்.

5

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது.

ஏன் செய்தாள்? கொடியைத் தள்ளியிருந்தால் வேலை இருந்திருக்கும். மதுரையில் பத்திரிகையில் இருக்கும் நண்பனுக்கு மேலே உள்ளதை அனுப்பினேன். தன் தப்பைத் தானே மேளம் கொட்டி அறிவிக்கிற ஆள் இந்த உலகத்தில் கிடையாது, வாசகன் நம்பமாட்டான், வலுவான காரணம் வை என்று பதில் எழுதினான். சரி, வைத்துப் பார்த்தேன். கலுபா அவளுடைய முன்னாள் காதலன் என்று ஒரு பக்கம். கலுபா அவளுடைய தாய்மாமன் மகன் என்று இன்னொரு பக்கம். பைபிளை நெஞ்சில் அணைத்துக்கொண்டு அவள் அழுகிற காட்சி ஒன்றும் உண்டு. அதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, அப்போதாவது நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இரண்டாவது சனிக்கிழமை பட்டறைக்குப் போய், எழுதியதை அவளுக்கு வரி வரியாக அவளுடைய பெம்பா மொழியில் சொன்னேன். அவள் ஒரு பம்ப்பு மோட்டாரைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். காதலன் வந்ததும் பட்டறையில் இருந்த ஆட்கள் சிரித்தார்கள். கலுபாவுக்கு அப்போதே அறுபது வயது, முன்பல் கிடையாது. அழுகிற காட்சியில் அவள் கம்பியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் எப்ப அழுதேன்?"

அழவில்லைதான், கதைக்காக என்றேன்.

"அப்ப கதைக்கு நீங்க அழுங்க. என்னைப் பாவமா எழுதாதீங்க. அன்னிக்கு எனக்கு இருந்தது கோவம். ரிலே சொல்லிருக்கு, எழுதியிருக்கேன், இல்லைன்னு சொல்லுன்னா எப்படிச் சொல்வேன்? எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அது. அதுக்கு மாமன் மகன் வேணுமா?"

காரணம் அவ்வளவுதான். என் மதுரை நண்பனுக்கு இது போதாது. எனக்குப் போதும், ஏனென்றால் நான் அவளோடு ஒன்பது வருடம் வேலை பார்த்திருக்கிறேன்.

பிறகு ஆட்களை வெளியே போய் டீ குடிக்கச் சொன்னாள். அவர்கள் போகும்வரை காத்திருந்தாள்.

"அந்த ரூம்ல ரெண்டு பேருன்னு எழுதியிருக்கீங்க."

நான் தாள்களை மடித்தேன்.

"லிங்க்கைத் திறந்தது யாருன்னும் எழுதியிருக்கீங்க. மூடுறேன்னு சொன்னது யாரு, இஞ்சினியர்?"

'பா' இல்லை. முப்பத்திரண்டு வருடத்தில் இந்த ஊரில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

6

நான்காம் பகுதியை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். அதில் உள்ள பொய்யை நீங்கள் பார்க்கவேண்டும் என்பதற்காக.

அறையில் மூன்று பேர். லோம்பேவுக்குப் பின்னால், ஜன்னலை ஒட்டி நான் நின்றேன். "தள்ளிடு எக்ஸில்டா, அப்புறம் பேசிக்கலாம்" என்று சொன்னது லோம்பே இல்லை. நான். நீட்டிய நோட்டை வாங்க ஆளில்லை என்று எழுதினேன் அல்லவா, அந்த ஆளும் நான்தான். பேனல்களுக்கு இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டியது என் வேலை. அவள் கடலை நீட்டியது எனக்கு.

வியாழக்கிழமை நடந்தது இது. ஸ்டோர்ஸில் இருந்த மியோபாவின் அம்மா இறந்து, அன்று மதியம் அடக்கம். இங்கே கூட வேலை பார்ப்பவரின் வீட்டுச் சாவுக்குப் போகாதவனை மனிதனாக மதிக்கமாட்டார்கள். கம்பெனி பஸ் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எக்ஸில்டா சோதனையை முடித்து மீட்டர்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள், லிங்க் மட்டும் பாக்கி. பெண்கள் பாடிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். நான் போய், நீ கிளம்பு, லிங்க்கை நான் மூடுகிறேன் என்றேன். திறந்தவர்தான் மூட வேண்டும், இல்லையென்றால் எழுதிக் கைமாற்ற வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த விதியை எழுதி அறையில் ஒட்டியவனே நான். அவள் தயங்கினாள். பஸ் போய்விடும் என்று விரட்டினேன்.

அவள் போன பின் தலைமை அலுவலகத்திலிருந்து போன். என் ஒப்பந்தத்தையும் வேலை பெர்மிட்டையும் புதுப்பிப்பது பற்றி. பேசிக்கொண்டே பேனலின் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். கதவு மூடியதும் எல்லாம் மூடியாயிற்று என்று மனம் எடுத்துக்கொண்டது. மியோபாவின் வீட்டுக்கு என் காரில் போனேன். சவ அடக்கத்தில் முன்வரிசையில் நின்றேன்.

விசாரணையில் ஐந்து பேர் மேசைக்குப் பின்னால். நான் ஓரமாக ஒரு நாற்காலியில். சோதனைத் தாளில் உன் பெயர்தானே என்று அவளைக் கேட்டார்கள், ஆம் என்றாள். மூடினாயா என்றார்கள், இல்லை என்றாள். வேறு யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தலைவர் கேட்டார். அப்போது டீ வந்தது. நான் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினேன். அந்தக் கரண்டிச் சத்தத்தைத் தவிர என் பக்கத்திலிருந்து வேறு சத்தம் வரவில்லை. பத்து நாள் கழித்து என் பெர்மிட் புதுப்பிக்கப்பட்டது. வெட்கமாக இருக்கிறது. பதினொரு வருடமாக இருக்கிறது.

7

மூன்றாவது சனிக்கிழமை, அதாவது போன சனி, ஆறாம் பகுதியையும் மூன்று முடிவுகளையும் எடுத்துக்கொண்டு போனேன். முந்திய வாரம் ஒரு குவளை முன்கோயோ, புளித்த சோளக் கூழ், கொடுத்தாள், அன்று கொடுக்கவில்லை. உட்காரச் சொன்னாள்.

ஆறாம் பகுதியைக் கேட்டு முடித்துவிட்டு, மியோபாவின் அம்மா அடக்கம் மதியம் இல்லை, காலை பதினொன்றுக்கு என்று ஒரு திருத்தம் சொன்னாள். [திருத்தவில்லை. அவள் சொன்னதும் இருக்கட்டும், நான் எழுதியதும் இருக்கட்டும்.] பிறகு, முடிவுகளைச் சொல்லுங்க என்றாள்.

முதல் முடிவு: விசாரணையில் நான் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உண்மையைச் சொல்கிறேன். ஐந்து பேரும் வாயடைத்துப் போகிறார்கள். எக்ஸில்டா என்னை

"நடக்காதது," என்றாள்.

இரண்டாவது முடிவு: விசாரணையில் அவளே என் பெயரைச் சொல்கிறாள்.

எக்ஸில்டா மோட்டாரின் மூடியை எடுத்து ஒரு துணியால் துடைத்தாள். ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருடம் கேட்கத் துணியாத கேள்வியை அப்போதுதான் கேட்டேன். என்னைக் காப்பாற்றத்தானா என்றும் கேட்டுவிட்டேன்.

"உங்களையா? உங்களை எதுக்கு நான் காப்பாத்தணும்? நான் சொன்னா, கீழ இருக்கிற பொம்பள தப்பை மேல இருக்கிறவன் தலையில கட்டுறான்னு எழுதுவாங்க. நீங்க சொன்னா அது சாட்சி. அதான் உங்க வாயைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்." துணியை உதறினாள். "எழுதாமக் கைமாத்திட்டுப் பஸ் ஏறினது என் தப்பு. அதுக்கு நான் வேலையைக் குடுத்துட்டேன். உங்க பங்குக்கு நீங்க என்ன குடுத்தீங்க?"

கதை என்று சொல்ல வாய்வரை வந்தது. நல்லவேளை, வெளியே வரவில்லை.

மூன்றாவது முடிவில் வெள்ளிக்கிழமை நான் வாரியத்துக்குப் போகிறேன், அவளுக்கு லைசென்ஸ் கிடைக்கிறது, வெளியே வந்து இருவரும் கைகொடுத்துக்கொள்கிறோம். படித்துக்கொண்டிருக்கும்போதே தாளை என் கையிலிருந்து வாங்கிவிட்டாள். அவளுக்குத் தெரியாத எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை இந்த ஊர்ல யாரு படிப்பா?"

யாருமில்லை என்றேன்.

"தெரிஞ்சுதான் இதுல எழுதுறீங்க." கோபமாகச் சொல்லவில்லை, மீட்டரில் அளவு படிப்பதுபோலத்தான் சொன்னாள். "முடிக்காதீங்க. முடிச்சீங்கன்னா உங்களுக்கு நிம்மதியாயிரும், அப்புறம் வரமாட்டீங்க. வெள்ளிக்கிழமை வர்றதா இருந்தா வாங்க. வரலைன்னா இனி இந்தப் பட்டறைப் பக்கம் வராதீங்க, எந்தப் பக்கமும் எழுதிட்டு."

கைகொடுக்கிற பகுதி எதுவென்று கேட்டாள். அதை மட்டும் கிழித்து மோட்டாருக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, மீதியைத் திருப்பித் தந்தாள்.

8

இன்று வியாழக்கிழமை. நாளை போவேனா என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். சொல்லப்போவதில்லை.

போவேன் என்று எழுதினால் என்னை மன்னித்துவிடுவீர்கள். எனக்கு உங்களைத் தெரியும், நானும் வாசகன்தான். கடைசிப் பக்கத்தில் திருந்துகிறவனுக்கு நம்மைப்போல் தாராளமாக மன்னிப்பு வழங்குகிறவர்கள் கிடையாது. போகமாட்டேன் என்று எழுதினால் என்னைத் திட்டிவிட்டு, நீங்கள் நல்லவர் என்ற திருப்தியோடு பக்கத்தைப் புரட்டுவீர்கள். இரண்டிலும் உங்களுக்கு வேலை முடிந்துவிடும். அந்த வசதியை உங்களுக்குச் செய்துதர எனக்கு இஷ்டமில்லை.

தவிர, போவேன் என்று என் வாயால் சொல்வதற்கு என்ன மதிப்பு? மூடுகிறேன் என்று சொன்ன அதே வாய். என்னை நானே நம்பாத விஷயத்தில் நீங்கள் நம்புவானேன்.

[நாளைக் காலை ஏழு மணிக்கு நான் சட்டையை இஸ்திரி போட்டு] வேண்டாம்.

ஆகவே ஒன்று செய்கிறேன். இவ்வளவு தூரம் இந்தக் கதையில் என் பெயர் வரவில்லை, கவனித்திருப்பீர்கள். கலுபாவுக்குப் பெயர் இருக்கிறது, பனா தெல்மாவுக்கு முழுப் பெயரே இருக்கிறது, சாவு வீட்டுக்காரனுக்கும் இருக்கிறது. எனக்கு மட்டும் 'நான்' போதும் என்று ஒதுங்கிக்கொண்டேன். இதற்குக் கீழே உள்ளது கதை அல்ல. இதில் ஒரு சொல்லைக்கூட அழகுக்காகப் போடவில்லை, ஒரு சொல்லையும் அடிக்கவும் இல்லை.

இதைப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள். இந்த வாரியத்துக்குத் தமிழ் தெரியாது, எக்ஸில்டாவுக்கும் தெரியாது. உங்களுக்கு இரண்டு மொழி தெரிந்திருந்தால் கீழே உள்ள நான்கு வரியை அவர்களுக்குப் புரிகிற மொழியில் எழுதி, கிட்வே லைசென்ஸ் வாரியத்தின் செயலாளருக்கு அனுப்புங்கள். நான் நாளை போயிருந்தால் இது இரண்டாவது சாட்சியாக இருக்கட்டும். போகாமல் இருந்தால் இதுவே முதலாவது. என்னைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டியதில்லை. நான் மறுத்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

நான்காம் பேனலின் டிரிப் லிங்க்கைச் சோதனைக்காகத் திறந்தவர் எக்ஸில்டா கபாசோ. அவரைப் போகச் சொல்லி, அதை மூடும் பொறுப்பை வாயால் ஏற்றுக்கொண்டவன் நான். நான் மூடவில்லை. விசாரணையில் கேட்டபோது சொல்லவும் இல்லை.

சங்கரலிங்கம் ஆவுடையப்பன், அப்போதைய ரிலே பிரிவு இஞ்சினியர், கிட்வே.